கரையில் நின்ற நோலீன்

மெர்வ் டக்கெட்டின் முதலைக்கு இந்த வருடம் நாலரை மீட்டர் நீளம். போன வருடம் நாலு. அதற்கு முந்தைய வருடம், அதாவது அந்த முதலை உண்மையிலேயே தலையை நீட்டிய வருடம், மூன்றுகூட இல்லை. வளரும் பிள்ளைக்குச் சட்டையைப் பிரித்துத் தைப்பது மாதிரி, ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் அந்தக் கதையையும் கொஞ்சம் பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. டூவும்பா சந்தையில் ஆயுசு முழுக்க மாட்டு ஏலம் விட்ட மனிதர். எண்ணை ஏற்றி ஏற்றிச் சொல்லியே பிழைத்த வாய், ஓய்வு பெற்றுவிட்டால் சும்மா கிடக்குமா?

அதிலும் வீட்டையே வண்டியாக்கி ஊர் ஊராகச் சுற்றும் இந்த வீட்டு வண்டி வாழ்க்கை இருக்கிறதே, புளுகுகிறவனுக்கென்றே செய்து வைத்த வாழ்க்கை. தெற்கே குளிர ஆரம்பித்ததும் எங்களைப் போன்ற நரைத்த தலைகளெல்லாம் வண்டியைக் கிளப்பிக்கொண்டு, வெயிலைத் தேடிக் கடலோரமாக வடக்கே ஏறுவோம். வண்டியை நிறுத்தித் தங்க ஊருக்கு ஒரு கேரவன் பார்க். சாயங்காலம் ஐந்தடித்தால் அவரவர் நாற்காலியையும் அவரவர் பீரையும் தூக்கிக்கொண்டு வந்து வட்டமாக உட்காருவோம். நேற்று இருந்தவர்கள் இன்று இருக்கமாட்டார்கள். சொந்த ஊரில் ஒரு கதையை இரண்டாம் தடவை எடுத்தாலே "போதும் நிறுத்துய்யா" என்பார்கள். இங்கே ஒற்றைக் கதையை வைத்தே காலத்தை ஓட்டிவிடலாம். கேட்டுக் கேட்டுக் காது புளித்தவள் ஒருத்திதான். அவளும் சிரித்த முகமாகப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

கதை இதுதான். கார்ட்வெல்லுக்கு வடக்கே ஓர் ஓடை. மெர்வ் முழங்கால் தண்ணீரில் நின்று கொடுவா மீனுக்குத் தூண்டில் போடுகிறார். முதலை வருகிறது. பெண்டாட்டி நோலீன் கரையில் நின்று வீறிட்டு அலறுகிறாள். மெர்வ் அசையவில்லை. கண்ணோடு கண் பார்த்து, தூண்டில் கழியால் மூக்கிலேயே ஒன்று போடுகிறார். முதலை தப்பித்தோம் பிழைத்தோம் என்று ஓடுகிறது.

அந்த அலறல்தான் நோலீனுக்கு ஆகவில்லை. பள்ளிக்கூட கேன்டீனைக் கட்டி மேய்த்தவள் அவள். மதியமணி அடித்ததும் பள்ளிக்கூடமே பசியோடு பாய்ந்து வந்தபோதுகூடச் சத்தம் போடாதவள்.

இங்ஹாமில் ஒரு சாயங்காலம் கோரல் என்கிற அம்மாள், கதையைக் கேட்டு முடித்துவிட்டு நோலீனின் முழங்காலைத் தட்டிக்கொடுத்தாள். "பாவம்மா நீ! நல்லவேளை, இப்பிடி ஒரு ஆம்பள கூட இருந்தாரு."

நோலீன் சிரித்தாள். கடைவாய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பு அது. மறுநாள் காலையில், இரண்டு பக்கமும் கரும்புக் காடு ஓடும் சாலையில், அவள் வாயைத் திறந்தாள்.

"மெர்வ், இன்னிக்குச் சாயங்காலம் கதைய நடந்தது நடந்தபடி சொல்லணும்."

"எந்தக் கதைய?"

"ஏன், உன்கிட்ட எத்தன கதை இருக்கு?"

"கொஞ்சம் உப்பு காரம் சேத்துச் சொன்னா என்ன குத்தம்?"

"உப்பப் போடு, காரத்தப் போடு. என்னத் தூக்கிக் கரையில போடாத. இன்னிக்கும் என்ன அலற விட்டேன்னு வையி, நாளைக்குக் காலைல பஸ் ஏறி ஊருக்குப் போயிடுவேன். நீயும் உன் முதலையும் ஜோடியா வடக்க போங்க."

மெர்வ் சிரித்தார். திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

உண்மையில் நடந்தது என்னவென்றால், எங்கள் கூட்டத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. சமையல் யார் செய்தாலும், வண்டி யார் ஓட்டினாலும், வண்டிக் கக்கூஸின் அடியில் நிறைகிற பெட்டியை உருவி எடுத்துக்கொண்டு போய்க் கொட்டுவது மட்டும் ஆம்பளை வேலை. மெர்வுக்கோ மூடியைத் திறந்தாலே குடல் வாய்க்கு வந்துவிடும். முதல் வாரமே நோலீன், "விடு, நான் பாத்துக்கறேன்" என்றாள். அன்றிலிருந்து மற்றவர்கள் எழுந்திருக்குமுன் அவளே போய்க் கொட்டிவிட்டு வருவாள். புருஷன் மானத்தைக் காப்பாற்றி வந்ததும் அவள்தான்.

அன்று அந்த ஓடைக்கரையில், படகு இறக்கும் சரிவை ஒட்டி இருந்தது, பெட்டிகளைக் கொட்டும் குழி. பெட்டியை உருட்டிக்கொண்டு போனவள் தண்ணீருக்கு மேலே இரண்டு கண்களைப் பார்த்தாள். மெர்வும் பார்த்துவிட்டிருந்தார். ஆனால் கால் எழவில்லை. நோலீன் அலறவில்லை, ஓடினாள். மூடியைத் திருகிக்கொண்டே ஓடி, புருஷனைத் தாண்டித் தண்ணீருக்குள் இறங்கி, நிறைந்த பெட்டியை முதலையின் முகத்தில் அப்படியே கவிழ்த்தாள். எதை எதையோ தின்று வளர்ந்த பிராணிதான், ஆனாலும் இதை அது எதிர்பார்க்கவில்லை. ஒரே முழுக்கு, ஆளைக் காணோம். பாதி மெர்வின் மேலும் விழுந்தது. அன்று மட்டும் அவர் வாந்தி எடுக்கவில்லை.

பிறகு நோலீன் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். இந்த மனுஷன் இல்லாமல் நான் எங்கே திரும்பிப் போவேன் என்ற ஒரே நினைப்புதான் ஓடிக்கொண்டிருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அடுத்த ஊரிலேயே அவர் அதை வீரக் கதையாக்கி, அவளைக் கரையில் ஏற்றி நிறுத்திவிட்டார்.

கார்ட்வெல் பார்க்கில் வட்டம் கூடியது. மெர்வின் கெட்ட நேரம், கோரலும் அவள் புருஷன் கிளைவும் அதே சாலையில் வந்து அங்கேயே இறங்கியிருந்தார்கள். கிளைவ் குழாய் வேலை பார்த்து ஓய்ந்தவர். இறால் ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்திருந்தார். புதிதாக வந்தவர்கள் கேட்க, மெர்வ் கதையை எடுத்தார். ஓடை வந்தது, தூண்டில் வந்தது, முதலை வந்தது.

"அப்பதான் நோலீன்..." என்று நிறுத்தினார். நோலீன் அவரைப் பார்க்கவில்லை. இறாலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஓடி வந்தா," என்றார் மெர்வ். "எனக்குக் கால் எழல. அவதான் கையில இருந்தத அது மூஞ்சில வீசினா. ஓடிருச்சு. அவ்வளவுதான்."

"கையில என்ன இருந்துச்சு?" என்றார் கிளைவ்.

"ஒரு பெட்டி."

"என்ன பெட்டி?"

நோலீன் இறாலைக் கீழே வைத்தாள். "கேக்கறாருல்ல, சொல்லு. என்ன பெட்டி?"

"கக்கூஸ் பெட்டி."

கிளைவுக்குப் பீர் மூக்கு வழியாக வந்தது. ஒருவர் நாற்காலியோடு மல்லாந்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்த பிறகுதான் கிளைவுக்குப் பொறி தட்டியது. "இரு, இரு. அது எப்பிடிய்யா அவங்க கையில வந்துச்சு?"

"எப்பவும் அவதான் எடுத்துட்டுப் போறா. எனக்கு நாத்தம் ஆகாது."

 முதலைக்குப் பயந்தவனை எங்கள் ஆட்கள் மன்னித்துவிடுவார்கள். இது வேறு.

"அட மானங்கெட்டவனே!" என்றார் கிளைவ்.

கோரல் விடவில்லை. "அப்ப இங்ஹாம்ல இவங்க கரையில நின்னு அலறுனாங்கன்னீங்க?"

மெர்வ் பீர் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏலக்குரல் எங்கோ போய்விட்டிருந்தது. "அவ என்னத் தாண்டிப் போனா பாருங்க, அதுக்கும் எனக்கும் நடுவுல போயி நின்னா. அது மட்டும் கண்ணுக்கு முன்னால வந்துச்சுன்னா எனக்குத் தூக்கமே வராது. அதான் ஒவ்வொரு தடவையும் அவளக் கரையில ஏத்தி விட்டுர்றேன். கத்தினாக் கத்திட்டுப் போறா. கரையில இருக்கால்ல."

ஏலக்காரர் பேச்சில் பாதியைத் தள்ளித்தான் எடுக்க வேண்டும் என்பது நோலீன் கல்யாணமான மாதமே கற்றுக்கொண்ட பாடம். தள்ளிப் பார்த்தாள். இதில் தள்ள எதுவும் அகப்படவில்லை. கண் நிறைந்ததற்கு இறால் காரத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு மூக்கைச் சிந்தினாள்.

"சரி, கரையிலயே நிக்கறேன்," என்றாள். "நாளைலேர்ந்து பெட்டிய நீ எடு."

மறுநாள், நன்றாக விடிந்த பிறகு, பார்க்கில் இருந்த ஆண்களெல்லாம் தேநீர்க் கோப்பையோடு அவரவர் வண்டி வாசலுக்கு வந்து நின்றார்கள். மெர்வ் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, பெட்டியை உருட்டியபடி அவர்கள் நடுவே போனார். ஆளுக்கொரு கிண்டல் விழுந்தது. 

குழிக்குக் கொஞ்சம் முன்னால் நின்று, குனிந்து, பெரிதாக ஓங்கரித்தார். வண்டி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த நோலீன் பாதி எழுந்துவிட்டாள். ஒரு செருப்புக்கூட மாட்டியாகிவிட்டது. பிறகு நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள். கரையில் நிற்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.