நாற்பதாயிரம் வருஷத்து மண்டையோடு

சுதந்திரம் கிடைத்துக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. காஜா பேராங் பகுதியில் இருந்த அந்த வீட்டில் நான் புது மருமகள். மாமனார் முன்னால் வாய் திறக்க மாட்டேன். பேப்பர் அவர் கைக்குப் போகுமுன் சமையலறையில் ஒளிந்து படித்துவிடுவேன். அது யாருக்கும் தெரிந்துவிடக் கூடாதே என்று பயம்.

ஒரு நாள் அவர் உரக்க வாசித்தார். “சரவாக் குகையில மனுஷ மண்டையோடு. பக்கத்துல கெடந்த கரிய வச்சு வயசு கண்டுபிடிச்சிருக்காங்க. நாலாயிரம் வருஷமாம்.”

“நாப்பதாயிரம், மாமா,” என்று சொல்லிவிட்டேன்.

வாயைப் பொத்திக்கொண்டேன்.

“ஊமைன்னுல்ல நெனச்சேன்!” என்றார் மாமியார்.

மாமனார் குலுங்கிச் சிரித்தார். “கண்ணாடி இல்லாம ஒரு சைபர விட்டுட்டேன்மா. இந்தா, மிச்சத்த நீயே படி.”

கூடத்தில் நின்று, எல்லோரும் கேட்க, கடைசி வரி வரைக்கும் படித்தேன்.