கரடியின் சொந்த நடை

வடதுருவப் பனிக்கடலில் திரியும் வெள்ளைக் கரடிகளை நான் நைனார்பாளையத்தில் உட்கார்ந்துகொண்டு பின்தொடர்கிறேன். சொன்னால் ஊரில் யாரும் நம்புவதில்லை. கரடி என்றால் அவர்களுக்குக் கல்வராயன் மலைக் கரடிதான். பக்கத்து வீட்டு அக்கா, மலைக்கெல்லாம் தனியாகப் போகாதே என்று இன்றைக்கும் எனக்குப் புத்தி சொல்கிறார். விளக்கிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

வெளிநாட்டு ஆய்வுக்குழு ஒன்று கரடிகளின் கழுத்தில் பட்டை கட்டியிருக்கிறது. அதுவும் பெண் கரடிகளுக்கு மட்டும். ஆணுக்குத் தலையைவிடக் கழுத்து பெருசு, பட்டை நிற்காது. கரடி இருக்கும் இடம் செயற்கைக்கோள் வழியாக என் லேப்டாப்பில் ஒரு புள்ளியாக வரும். ஆனால் கடல்மேல் உறைந்த பனி ஓரிடத்தில் நிற்பதில்லை. காற்றும் நீரோட்டமும் அதை இழுத்துக்கொண்டே இருக்கும். கரடி படுத்துத் தூங்கினாலும் புள்ளி நகரும். பனி இழுத்ததைக் கழித்தால்தான் கரடி தன் காலால் நடந்தது தெரியும். எந்தப் பனியைத் தேடிப் போகிறது, எதைவிட்டு விலகுகிறது என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. கழிப்பது என் வேலை.

இதைச் சொன்னதும் புரிந்துகொண்டவர் அப்பா ஒருவர்தான். சிறுநீரகம் கெட்டுப்போய், டயாலிசிஸுக்காக வாரம் மூன்று நாள் அவரைக் கள்ளக்குறிச்சிக்கு அழைத்துப் போவேன். பஸ்ஸில் கரடிப் பேச்சுதான். பனி தெற்கே இழுக்க இழுக்க வடக்கே நடந்துகொண்டிருந்த ஒரு கரடியை அவர் தன்னுடையதாகவே எடுத்துக்கொண்டார். மொத்தம் எவ்வளவு, அதில் அதனுடைய நடை எவ்வளவு என்று இரண்டையும் கேட்பார்.

ஒரு தை மாதம் அந்த நடை நின்றுபோனது. முதல் இரண்டு நாள், படுத்திருக்கும் என்று நினைத்தேன். பத்து நாளாகியும் பனி போன வழியிலேயே, பனி போன வேகத்திலேயே புள்ளி போனது. பட்டை கழன்று கிடக்க வேண்டும், இல்லை கரடி செத்திருக்க வேண்டும். நடை இல்லை என்று குழுவுக்கு ஒரு வரி எழுதி அனுப்ப எனக்குக் கை வரவில்லை. அப்பாவிடம் மொத்தத் தூரத்தை மட்டும் சொல்லிக்கொண்டு வந்தேன். நிறைய தூரம் போயிருக்கிறது என்று சிரித்துக்கொண்டே வேறு சொன்னேன், வெட்கங்கெட்டவள்.

அன்றைக்கு டயாலிசிஸ் முடிந்து பஸ்ஸில் திரும்பி வரும்போது அவர் ஜன்னலைப் பார்த்தபடியே பேசினார்.

"பத்து நாளா மொத்தத்த சொல்ற. அதோட நடைய சொல்ல மாட்டேங்கிற."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"என் ரிப்போர்ட்டையும் இப்பிடித்தான படிச்சிக்கினு வர?"

ஆமாம். இங்கிலீஷில் இருக்கும் அந்தத் தாளில் நல்ல வரிகளை மட்டும் பொறுக்கிப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். இதயமும் தளர்ந்துவிட்டது, அதிக நாள் தாங்காது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதை அப்படியே விழுங்கியிருந்தேன். எனக்கு அழுகையைவிட என்மேல் ஆத்திரம்தான் வந்தது.

வீட்டுக்கு வந்ததும், முதலில் கரடிக்கு எழுது என்றார். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, இன்ன தேதியிலிருந்து நடை இல்லை என்று எழுதி அனுப்பினேன். பிறகு சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்து நீட்டினார். ஒரு வரி விடாமல் படித்தேன். டாக்டர் சொன்னதையும் சொன்னேன். அம்மா கொல்லையிலிருந்து இன்னும் வரவில்லை.

அப்பா தாளை வாங்கி மறுபடியும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"உங்கம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன்" என்றார்.