அரை டேங்க் தண்ணீர்

பேய் என்றால் நடுராத்திரி, நாய் ஊளை, புளியமரம் என்று எதிர்பார்ப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இது பட்டப்பகலில் நடந்தது. கத்திரி வெயில் மண்டையைப் பிளந்த மே மாதம், மத்தியானம் இரண்டு மணிக்கு, அடையாறு பாலத்தின் மேல். நடந்தது தண்ணீர் லாரி டிரைவர் அசோகனுக்கு. அசோகன் கதை கட்டுகிற ஆள் இல்லை. ஒரு சின்னப் பொய் சொன்னால்கூடப் பாதியிலேயே உளறிவிடுவான். அதனால் நம்பலாம்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம். ஊரில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. பாலவாக்கத்துக் கிணறுகளில் நிரப்பிக்கொண்டு லாரிகள் நாள் முழுக்கப் பறந்தன. டிரைவர்களுக்குப் பஞ்சம். அந்த நேரத்தில்தான் ரகுபதி லைசென்ஸ் வாங்கினான்.

ரகுபதி, அசோகனின் மனைவி கஸ்தூரிக்கு ஒரே தம்பி. அம்மா போனபிறகு அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான். டிரைவிங் ஸ்கூலில் அவன் ஓட்டியது காலி லாரி. விடியற்காலையில், ஆளில்லாத ரோட்டில். டெஸ்டில் எட்டுப் போட்டுக் காட்டினான். லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது.

ஆனால் தண்ணீர் லாரி வேறு சங்கதி. டேங்க் நிறைய இருந்தால் தண்ணீர் அசையாமல் கிடக்கும். பாதி இருந்தால்தான் எமன். பிரேக் அடித்தால் வண்டி நிற்கும், உள்ளே தண்ணீர் நிற்காது. பின்னாலிருந்து ஓடிவந்து முன்தகட்டில் மோதி, வண்டியை மறுபடி தள்ளும். இதை அவனுக்கு ஸ்கூலில் யாரும் சொல்லவில்லை. அதற்காகத்தான் தண்ணீர் லாரிக்காரர்களிடம் ஒரு வழக்கம். புதியவன் ஓட்டினால், பழைய டிரைவர் ஒருவர் பத்து நாளாவது இடது சீட்டில் உட்கார்ந்து வருவார்.

“நீ கூடப் போவல்ல?” என்று முதல் நாள் காலையில் கஸ்தூரி கேட்டாள்.

“போவேன்டி. நான் சொல்லிக் குடுக்காம வேற யாரு?”

ஓனர் ஜவஹர் விடவில்லை. “லைசென்ஸ் கீதுல்ல? அப்பால இன்னா நைனா? ஒரு வண்டிக்கு ரெண்டு டிரைவர் போட்டா ஊருக்கு எவன் தண்ணி ஊத்துவான்?”

அசோகன் கத்திப் பார்த்தான், காலில் விழாத குறையாகக் கெஞ்சியும் பார்த்தான். தி.நகர் லோடு ஏற்றிய இன்னொரு லாரியின் சாவியை அவன் கையில் திணித்துவிட்டார்கள். ரகுபதி சிரித்தான். “சாயந்தரம் வந்து கேட்டுக்கறேன் மாமா. சொம்மா பயப்படாத.”

சாயந்தரம் அவன் வரவில்லை. காந்தி நகரில் பாதித் தண்ணீரை இறக்கிவிட்டு, மீதிப் பாதியோடு பாலத்தைத் தாண்டியிருக்கிறான். இறக்கத்தில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. ஓங்கி பிரேக்கை மிதித்தான். சைக்கிள்காரன் பிழைத்தான். லாரி, ரோட்டோரத் தூங்குமூஞ்சி மரத்தில் போய் நின்றது.

அன்றிலிருந்து கஸ்தூரி புருஷனோடு பேசவில்லை. சோறு வைப்பாள், தண்ணீர் வைப்பாள், பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். ஒரு வார்த்தை கிடையாது. அவள் ஏசியிருந்தால்கூட அசோகன் தாங்கியிருப்பான். தம்பி போனதற்கு அவள் ஒரு சொட்டுக் கண்ணீரும் விடவில்லை. அதுதான் அவனை அறுத்தது.

காரியம் முடிந்தது. லாரியும் பட்டறையிலிருந்து திரும்பி வந்தது. வேறு யாரும் அதைத் தொடுவது பொறுக்காமல் அசோகனே சாவியை வாங்கினான். கிளீனர் அந்த வண்டியில் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டான். அசோகன் தனியாகவே கிளம்பினான்.

காந்தி நகரில் பாதி இறக்கினான். மீதி அபிராமபுரத்துக்கு. மணி ஒன்று ஐம்பது. தெருவில் ஒரு காக்கைகூட இல்லை.

வண்டியை எடுத்தான்.

புஸ்ஸ்...

இடது சீட்டின் ரெக்சின் உறை அமுங்கியது. யாரோ மெல்ல உட்காரும்போது வருகிற சத்தம். திரும்பிப் பார்த்தான். யாருமில்லை. புது ஸ்பிரிங், அதனால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

சிக்னலில் நிறுத்தி எடுக்கும்போது கிளட்ச்சுக்குக் காலை நீட்டினான். அவன் கால் படும் முன்பே கிளட்ச் இறங்கியிருந்தது.

மறுபடி நீட்டினான். மறுபடியும் இறங்கியிருந்தது.

அதன்பிறகு அவனுக்குக் கொஞ்சம் கிறுகிறுப்பாக இருந்தது. வெயில். சாப்பிடவும் இல்லை. எந்தக் கை எங்கே இருக்கிறது என்று சரியாகத் தெரியவில்லை.

பாலம் ஏறியது வண்டி.

பின்னால் டேங்குக்குள்... சளக்... சளக்...

உச்சிக்கு வந்தது.

“மாமா...”

மிக அருகில்.

“இப்ப இன்னா பண்ணணும் மாமா?”

பயம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது அழுகை. எதிரே இறக்கம். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க அசோகனால் முடியவில்லை.

“பிரேக்க மிதிக்காத மச்சான்... கால எடு. கியர எறக்கு. இஞ்சின் புடிச்சிக்கும்.”

கியர் இறங்கியது.

“தண்ணி அலையும்... அலையட்டும். இப்ப லேசா தொடு. விடு. மறுபடி தொடு...”

சளக்... சளக்...

சளக்...

மரம் வந்தது. பட்டை உரிந்த இடம் வெள்ளையாகத் தெரிந்தது.

“பாக்காத. ரோட்டப் பாரு.”

மரம் போயிற்று.

வழியெல்லாம் அசோகன் பேசிக்கொண்டே வந்தான். கண் மறைத்தது. துடைத்துக்கொண்டே பேசினான்.

அபிராமபுரத்தில் மணி இரண்டு இருபது. அடுக்குமாடி வாசலில் வேதாந்தம் காத்திருந்தார். ரிட்டையரான பேங்க் மேனேஜர். லாரியை எதிர்பார்த்து தினமும் வாசலில் தவம் கிடப்பவர். அசோகன் இறங்கி ஹோஸைப் பிரித்தான்.

“ஏம்ப்பா அசோகா, புதுசா ஒரு பையனப் பழக்கறியா?”

அசோகன் கை நின்றது.

“தெரு முனையிலேர்ந்து பாத்துண்டிருக்கேன். அவன் ஓட்டிண்டு வரான், நீ பக்கத்துல ஒக்காந்து கையக் காட்டிக் காட்டிச் சொல்லிண்டு வரே. எவ்ளோ பதவிசா நிறுத்தினான்! ஏன், எறங்கமாட்டானாமா? மோர் குடுக்கச் சொல்றேன், கூப்பிடு.”

அசோகன் திரும்பி வண்டியைப் பார்த்தான்.

டிரைவர் பக்கத்துக் கதவு சாத்தியே இருந்தது.

திறந்து கிடந்தது இடது பக்கக் கதவு. அதன் வழியாகத்தான் அவன் இறங்கியிருக்கிறான்.

அப்படியென்றால் பாலத்திலிருந்து அதுவரை வண்டியை ஓட்டியது யார்? இன்றுவரை அசோகனுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. வேதாந்தம் ரகுபதியை அதற்குமுன் பார்த்ததே இல்லை. ஆனால் சுருட்டை முடி, மேலுதட்டில் வெட்டுத் தழும்பு என்று அவர் சொன்ன அடையாளம் ஒவ்வொன்றும் பிசகாமல் அவனுடையது.

அன்று பொழுது சாயும் முன்பே அசோகன் நொச்சிக்குப்பத்துக்கு, வீட்டுக்கு வந்துவிட்டான். கஸ்தூரி வாசலில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் எதிரே மண்ணிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். அவள் நிமிரவில்லை. பைத்தியம் என்று நினைக்கிறாளோ என்று பயந்தான்.

அவன் சொல்லி முடித்ததும், கையிலிருந்த நெத்திலியைச் சட்டியில் போட்டாள்.

“நல்லா ஓட்டறானா?” என்றாள்.

இத்தனை நாளில் அவள் பேசிய முதல் வார்த்தை.

“நல்லா ஓட்டறான் கஸ்தூரி.”

மீன் கையோடு முகத்தை மூடிக்கொண்டு அவள் அழுதாள். தெருவே திரும்பிப் பார்க்கிற அழுகை. அசோகனும் அழுதான்.

அழுது ஓய்ந்ததும் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

“நாளைக்கும் போ. ஆனா சட்டுனு எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துடாதய்யா... கத்துக்கினா பூடுவான்.”