மேட்டுக்காட்டில் ஒரு பர்ஹாப்ஸ்

'பர்ஹாப்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லைச் சரியாகப் பயன்படுத்தத் தெரியாதவன் சர்க்கார் உத்தியோகத்தில் பென்ஷன் வரை போய்ச் சேர்வது கடினம். ஒரு மனுவின் மேல் 'அனுமதிக்கலாம்' என்று எழுதினால், காரியம் கெட்டுப்போகும் நாளில் எழுதியவன் தலை உருளும். 'ஒருவேளை அனுமதிக்கலாம்' என்று எழுதினால் அவன் தலை தப்பும், அனுமதித்தவர் தலை உருளும். அவரும் விவரமானவராக இருந்தால் தன் பங்குக்கு ஓர் 'ஒருவேளை'யைச் சேர்த்து மேலே அனுப்புவார். இப்படிச் சேர்ந்த ஒருவேளைகளால் காகிதக் கட்டு கனத்து, மனுப் போட்டவர் காலமாகி, மேல்நடவடிக்கை தேவையில்லை என்று ஒருநாள் அது பரண் ஏறும். தாலுகா கச்சேரியில் தொடங்கிக் கலெக்டர் கச்சேரியில் முடிந்த என் உத்தியோகத்தில் அந்தச் சொல்லுக்குக் கீழே நான் நனையாமல் நின்றிருக்கிறேன். எல்லோரும் நின்ற இடம்தான் அது.

சொல் எனக்கு அறிமுகமானது திருச்செங்கோட்டில், முதல் பாரத்தில், அதாவது இப்போதைய ஆறாம் வகுப்பில். எங்கள் இங்கிலீஷ் வாத்தியார் அதை விளக்கிய விதம் இன்னும் மறக்கவில்லை. மழை வரும் என்பவன் பொய்யன், வராது என்பவனும் பொய்யன், பர்ஹாப்ஸ் என்பவன்தான் இங்கிலீஷ்காரன் என்றார். 'ஒருவேளை, ஆகலாம், ஆகாமலும் போகலாம்' என்று நாங்கள் கூட்டமாகச் சொல்லி மனப்பாடம் செய்தோம். அந்த வருஷம் கோடை விடுமுறைக்கு மாமா ஊருக்குப் போனேன்.

மாமா என் அம்மாவுக்குத் தம்பி. மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் அவருக்குக் கொஞ்சம் மேட்டுக்காடு இருந்தது. எங்கள் பக்கத்தில் கிணறு இருந்தால்தான் நிலத்துக்குத் தோட்டம் என்று பெயர். கிணறு இல்லாதது காடு. வானம் பார்த்துக் கம்பும் கொள்ளும் விளைகிற இடம். தோட்டத்துக்காரர் வந்தால் கட்டிலில் உட்காரச் சொல்வார்கள். காட்டுக்காரர் வந்தால், உட்காருவதும் நிற்பதும் அவர் இஷ்டம். அத்தை தினமும் குடத்தை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தோட்டத்துக்குப் போவாள். அங்கே எருது பூட்டிக் கவலையில் நீர் இறைத்து முடித்து, மாடுகள் குடித்து முடித்த பிறகுதான் அவளுக்குத் தண்ணீர். அந்தத் தோட்டத்துக்காரி கெட்டவள் அல்ல. "என்ன அவசரம், மாடு குடிக்கட்டும்" என்று சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். மாமா அந்தச் சிரிப்பை ஒரு முறை நேரில் கேட்டுவிட்டார். அன்றிலிருந்து அவருக்குக் கிணறு என்பது தவிர வேறு நினைப்பு இல்லை.

அந்தச் சமயத்தில்தான் துரை வந்தார். துரை என்றால் வெள்ளைக்காரர் அல்ல. எங்களைவிடக் கொஞ்சம் கறுப்பு. மேற்குக் கடற்கரைப் பக்கத்துக்காரர் என்று சொன்னார்கள். தமிழ் வராது. தொப்பியும் அரைக்கால்சட்டையும் போட்டிருந்ததால் துரை. பூமியைப் பார்த்து நீரோட்டம் சொல்லும் சர்க்கார் உத்தியோகஸ்தர். பெரிய பண்ணையார் ஒருவருக்காக வந்திருந்தார். முறைப்படி, மாமாவைப் போன்ற ஒருவர் அவரைத் தன் நிலத்துக்கு வரவழைக்க வேண்டுமானால் தாசில்தாருக்கு மனுச் செய்து, கட்டணம் கட்டி, முறை வரும் வரை காத்திருக்க வேண்டும். மாமாவுக்கு முறை தெரியாது. ஒரு குலை நுங்கை வெட்டிச் சுமந்துகொண்டு போய் வண்டித் தடத்தில் வழிமறித்தார். சித்திரை வெயிலில் அது தாசில்தாரின் கையெழுத்தைவிட வேகமாக வேலை செய்தது.

துரை நுங்கு தின்றபடியே காட்டுக்குள் வந்தார். கூடவே டவாலி போட்ட சேவகர் ஒருவர், மாமாவின் பங்காளி வீட்டுப் பெரியவர் ஒருவர், வேடிக்கைக்கு நாலைந்து பேர். இங்கிலீஷ் படிக்கிறவன் என்ற பெருமைக்காக மாமா என்னையும் பிடித்து முன்னால் நிறுத்தியிருந்தார். ஒரு கரையான் புற்றைக் காட்டி, அதற்குக் கீழேதான் ஊற்று இருப்பதாக மாமா சொன்னார். துரை புற்றைப் பார்க்கவில்லை. கைப்பிடி மண்ணை எடுத்துத் தேய்த்தார். வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாறையைச் சின்னச் சுத்தியால் தட்டிப் பார்த்தார். மறுபடி ஓரிடத்தில் தட்டினார். பிறகு நிமிர்ந்து மாமாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மாமா கையில் இன்னும் இரண்டு நுங்கு மீதி இருந்தது.

"பர்ஹாப்ஸ்" என்றார் துரை.

சேவகர் உடனே, "இருக்கலாம்ங்கறாரு துரை" என்றார்.

மாமா என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க மாப்பிள்ளை, அந்த வார்த்தை உங்க புஸ்தகத்துல வருதுங்களா?"

அக்காள் மகனை மாப்பிள்ளை என்று கூப்பிட்டு மரியாதை போட்டுப் பேசுவது அவர் விளையாட்டு. நான் நெஞ்சை நிமிர்த்தி, "வருதுங்க மாமா. ஆகலாம், ஆகாமயும் போலாம்னு அர்த்தமுங்க" என்றேன்.

பங்காளிப் பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். "பையன் புஸ்தகத்தப் படிச்சிருக்கான், மனுசனப் படிக்கல. தண்ணி இருக்குதுன்னு அடிச்சுச் சொல்ற மனுசன் எங்காச்சும் உண்டுங்களா? கண்ணு பட்டுப் போயிராது? இந்தத் துரை வெவரம் தெரிஞ்ச ஆளு."

"அதானுங்களே" என்றார் மாமா. "இல்லைன்னா இல்லைன்னு சொல்லிப்போட்டுப் போயிருப்பாரு. சர்க்கார் ஆளு, அவருக்கு ஆருகிட்டப் பயம்?"

எல்லோரும் சிரித்தார்கள். துரையும், என்னவென்று புரியாமலே, மரியாதைக்குச் சிரித்துவிட்டு வண்டி ஏறினார்.

பெரியவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் பக்கத்து வழக்கம் அப்படித்தான். குதிர் நிறையத் தவசம் வைத்திருப்பவனைக் கேட்டால் "ஏதோ ஓடுதுங்க" என்பான். மச்சு வீடு கட்டுகிறவன் "மழைக்கு ஒதுங்க ஒரு சாளை போடறனுங்க" என்பான். என் தங்கச்சி பாப்பா பிறப்பதற்கு முன் என் அம்மாவும், வயிறு வாசற்படியை மறைக்கிற அளவுக்கு வந்த பிறகும், "என்ன, விசேஷமா?" என்று கேட்டவர்களிடம் "அப்படித்தான் இருக்கும்போலங்க" என்றுதான் சொன்னாள். நல்லதை உறுதியாகச் சொன்னால் அது கலைந்துவிடும். ஆகவே ஊரில் 'இருக்கலாம்' என்றால் இருக்கிறது. உண்மையிலேயே சந்தேகம் வந்தால் பேச்சை மாற்றி மாட்டைப் பற்றி விசாரிப்பார்கள். இதையெல்லாம் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த எனக்குப் பெரியவர் சொன்னது நியாயமாகவே பட்டது. வாத்தியாருக்கு ஊர் வழக்கம் தெரியவில்லை என்று முடிவு செய்தேன்.

சந்தேகம் விடாதவள் அத்தை மட்டும்தான். அன்று சாயங்காலம் அடுப்புக்குச் சுள்ளி ஒடித்துக்கொண்டே கேட்டாள்.

"ஏஞ்சாமி, அந்த வார்த்தைக்கு நீ என்னன்னு சொன்ன?"

"ஆகலாம், ஆகாமயும் போலாமுங்க அத்தை. ஆனா அது வாத்தியார் சொன்னதுங்க."

"ஆகாமயும் போலாமா?"

"புஸ்தகத்துல அப்படித்தானுங்க."

அவள் சுள்ளியை அடுப்பில் செருகினாள். களியைத் தட்டில் போட்டு மாமா முன்னால் வைக்கும்போது, "பையன் சொல்றதையும் ஒருக்கா ரோசனை பண்ணுங்க" என்றாள்.

"மாப்பிள்ளை பள்ளிக்கூடத்துல கெணறு வெட்டறதும் பாடமுங்களா?" என்று மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "நீ பேசாத இரு. வர்ற தைக்கு அந்தத் தோட்டத்துக்காரி நம்ம கெணத்துக்குக் கொடந் தூக்கிட்டு வருவா. நம்ம மாடு குடிச்சப்புறம் பார்க்கலாம்னு சொல்லு."

அத்தைக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

வேலை தொடங்கியது. மேல்மண் வெண்ணெய் மாதிரி போயிற்று. அடுத்தது சரளை. அப்புறம் கரும்பாறை. உளி வைத்துத் துளை போட்டு, மருந்து கெட்டித்து, எல்லோரையும் தூரப் போகச் சொல்லிவிட்டு வெடி வைப்பார்கள். வெடிச் சத்தம் கேட்டதும் நான்தான் முதலில் ஓடிப் போய் எட்டிப் பார்ப்பேன். புகையும் கல்லும்தான் இருக்கும். ஊர்க்காரர்கள் வழியில் போகும்போது நின்று பார்த்து, "ஆகுமுங்க, இன்னுங் கொஞ்சம் எறக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். வெடிமருந்துக்காக மாடு விலைக்குப் போயிற்று. பாறை இறங்க இறங்கக் காட்டின் பேரில் கடன் பத்திரம் எழுதினார் மாமா. யாரும் அவரை நிறுத்தச் சொல்லவில்லை. அடுத்தவன் கிணற்றில் தண்ணீர் இல்லை என்று சொல்கிற வாய் எங்கள் ஊரில் யாருக்கும் கிடையாது. அது சாபம் இடுவதற்குச் சமம்.

ஒரே ஒரு நாள் பாறை வெடிப்பு ஒன்றில் ஈரம் தெரிந்தது. மாமா அதில் உள்ளங்கையை வைத்து, அந்தக் கையைக் கொண்டுவந்து அத்தையின் கன்னத்தில் வைத்தார். பகலில், ஆட்கள் பார்க்க, அவர் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. அத்தை வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "தண்ணிங்களா மாமா?" என்று நான் கேட்டேன். "ஏதோ கசியற மாதிரி இருக்குதுங்க மாப்பிள்ளை" என்றார். அவர் குரலில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தால் அடியில் காவேரியே ஓடுகிறது என்று தோன்றும். மறுநாள் வெயில் ஏறுவதற்குள் அந்த இடம் காய்ந்துவிட்டது.

அடுத்த கோடைக்கு நான் போனபோது வேலை நின்றிருந்தது. காடு பத்திரம் எழுதி வாங்கியவருக்குப் போய்விட்டிருந்தது, கிணற்றோடு சேர்த்து. மாமா கண்டிச் சீமைக்குத் தேயிலைத் தோட்டத்து வேலைக்குப் போவதாக ஏற்பாடு. ஆள் கட்டும் கங்காணி, சங்ககிரி ரயிலடியில் வந்து சேரச் சொல்லியிருந்தான். அங்கிருந்து மண்டபம் முகாம், அங்கே வைத்தியப் பரிசோதனை, அம்மைக் குத்தல், பிறகு கப்பல். அந்த நடைமுறை முழுவதும் எனக்குப் பிற்பாடு அத்துப்படியானது. போகிறவர்களுக்கு எத்தனை முத்திரை என்பதும் தெரியும். திரும்பி வருகிறவர்களுக்கு முத்திரை குறைவு. அந்தப் பகுதியை யாரும் அவ்வளவு அக்கறையாக வகுக்கவில்லை.

அவர் கிளம்பிய காலையில் அத்தை வாசலைத் தாண்டி வரவில்லை. நான் மட்டும் கூடப் போனேன். தடம் கிணற்றை ஒட்டித்தான் போயிற்று. மாமா மூட்டையை இறக்கி வைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். ஒரு கல்லை எடுத்துப் போட்டார். அது பாறையில் பட்டு, எகிறி, இன்னொரு தரம் பட்டு அடங்கியது.

"நல்ல கெணறு" என்றார். "செவுரு பாருங்க, நூல் புடிச்சாப்புல இருக்குது."

பிறகு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, "வாரனுங்க மாப்பிள்ளை. அத்தையப் பார்த்துக்கங்க" என்றார்.

"எப்பங்க மாமா வருவீங்க? தீவாளிக்கு வந்துருவீங்களா?"

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தலையைத் தடவிக் கொடுத்து, "உங்க இங்கிலீசுல ஒண்ணு சொல்லுவாங்களே" என்றார். "பர்ஹாப்ஸ்."

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மாமா இங்கிலீஷ் பேசியது ஒரு சந்தோஷம். உறுதியாகச் சொன்னால் கலைந்துவிடும் என்பதற்காக வழக்கப்படிச் சொல்கிறார், அதனால் நிச்சயம் வந்துவிடுவார் என்பது இன்னொரு சந்தோஷம். அவர் தடத்தின் வளைவில் மறையும் வரை நின்று பார்த்துவிட்டு, வீட்டுக்கு ஓடினேன். அத்தை அடுப்பு மூட்டாமல் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"மாமா தீவாளிக்கு வந்துருவாருங்க அத்தை. இங்கிலீசுலயே சொல்லிட்டாருங்க."

"என்ன சொன்னாரு சாமி?"

சொன்னேன். அவள் அந்தச் சொல்லை ஒரு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மடியில் உட்காருகிற வயது எனக்குத் தாண்டியிருந்ததால் நெளிந்தேன். அவள் விடவில்லை.

கச்சேரியில் சேர்ந்த பிறகு அந்தச் சொல்லுக்கு மூன்றாவது அர்த்தம் ஒன்று இருப்பதைக் கற்றேன். எதிரே நிற்கிறவன் முகத்தைப் பார்த்து 'இல்லை' என்று சொல்ல மனம் வராத படித்தவர்கள் சொல்வது அது. சுத்தியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தத் துரை சொன்னது அந்த அர்த்தத்தில்தான். அகராதியில் அது இல்லை. என் வாத்தியாருக்கும் தெரியாது. மாமாவுக்கு அதைக் கிணறு சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

அத்தையைப் பிறகு எங்கள் வீட்டோடு அழைத்து வந்துவிட்டார்கள். கழனித் தண்ணீர் தூக்குவதும் தங்கச்சியைத் தூக்குவதுமாக இருந்தாள். முதல் தீபாவளி போயிற்று. அதற்கடுத்ததும் போயிற்று. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து உட்காரும்போது, யாராவது ஒருத்தி மெதுவாக, "அவிய வருவாங்களா?" என்று கேட்பாள். எங்கள் ஊரில் அதற்கு ஒரு பதில் உண்டு. "வருவாருன்னுதான் இருக்குதுங்க", "பார்க்கலாமுங்க" என்று ஏதாவது சொல்ல வேண்டும். நான் காத்திருப்பேன், அவள் அதைச் சொல்லுவாள் என்று.

அத்தை நிமிர்ந்து பார்த்து, தெளிவாக, "வருவாருங்க" என்பாள்.

கேட்டவள் உடனே தலையைக் குனிந்துகொண்டு, எங்கள் எருமை இப்போது எவ்வளவு கறக்கிறது என்று விசாரிப்பாள். மாமா வருவதைவிட எருமையில் இவர்களுக்கு என்ன அக்கறை என்று எனக்கு அப்போது கோபம் கோபமாக வரும்.