சபையில் எதிர்த்துப் பேசியவள்

நோர்வேயில் கூட்டங்கள் முடிகிற விதம் எனக்கு இன்றுவரை பழகவில்லை. நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஒவ்வொரு கூட்டத்தின் கடைசியிலும் மேலாளர், "வேறு யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கிறதா?" என்று கேட்பார். ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். "ஃபீன்த்", நல்லது, என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு அவர் எழும்பிப் போவார். எங்கள் ஊரில் அப்படிக் கேட்டபிறகு சபை சும்மா இருந்தால் அது விழா எடுத்தவருக்கு மானக்கேடு. அதனாலேயே பரிசளிப்பு விழாவானாலும் வாசிகசாலை ஆண்டுவிழாவானாலும் யாராவது ஒருவர் மேடையேறி, "நேரம் போய்விட்டது, இரண்டு வார்த்தை மட்டும்" என்று தொடங்கி அரை மணித்தியாலம் பேசுவார். இந்த வித்தியாசம் தெரியாமல்தான் ஒருமுறை என் கணவரின் டொக்டர் பட்டத்துக்கே உலை வைக்கப் பார்த்தேன்.

இவர் பொறியியல் படிக்கப் புலமைப்பரிசில் பெற்று மொஸ்கோ போனவர். அங்கே முதல் வருஷம் ரஷ்ய மொழி மட்டும் படிப்பிப்பார்கள். இவர் அந்த முதல் வருஷத்தைவிட்டு இன்னும் வெளியே வரவில்லை என்று நான் பகிடி பண்ணுவேன். பாலம் கட்டப் போன பிள்ளை சொல்லுக்குள் விழுந்துவிட்டது. ஊரில் போர் தொடங்கியபின் திரும்ப வழியில்லாமல் நோர்வேக்கு அகதியாக வந்து, வடக்கே ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலை ஒன்றில் மீன் வெட்டினார். நான் கலியாணம் கட்டிப் போய்ச் சேர்ந்தது அந்தக் கடற்கரைக்குத்தான். பிறகு ஒஸ்லோ, வெஸ்ட்லியில் மாடிவீடு. பகலில் பல்கலைக்கழகம், மாலையில் உணவகத்தில் பாத்திரம் கழுவுதல் என்று சில வருஷங்கள் போயின. பிறகு தற்காலிக விரிவுரையாளர் வேலை. கடைசியில், ரஷ்யச் சொற்களுக்கு நோர்ஸ்க்கில், அதாவது இந்த நாட்டு மொழியில், பொருள் சொல்லும் அகராதிக் குழுவில் ஓர் இடம் கிடைத்தது.

ஒரு சொல்லோடு ஒரு கிழமை மல்லுக்கட்டுவார். ரஷ்யனில் ‘போ’ என்பதற்கே நடந்தா, வாகனத்திலா, ஒருமுறையா, வழக்கமாகவா என்று வேறுவேறு சொல்லாம். "ஒரு மனிசன் வீட்டைவிட்டு வெளிக்கிட இவ்வளவு யோசிக்கவேணுமோ?" என்று கேட்பேன். சிரித்துவிட்டு மறுபடியும் கணினிக்குள் தலையை விடுவார். அகராதி அச்சாகிய பிறகு, அதைச் செய்த விதத்தையே ஆய்வாக எழுதினார். டொக்டர் பட்டம் கிடைத்தால் நிரந்தர வேலை. கிடைக்காவிட்டால் நாற்பது தாண்டிய வயதில் மறுபடியும் உணவகப் பாத்திரம்தான்.

ஊர்வாயை மூட உலைமூடி இல்லை. எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர் சிவம் அண்ணை வரும்போதெல்லாம் தேத்தண்ணி ஆறமுதல் தொடங்கிவிடுவார்.

"தம்பி, ரஷ்யனும் வெள்ளை, நோர்வேக்காரனும் வெள்ளை. அவை தங்களுக்கை கதைக்க நீர் ஏன் நடுவிலை நிண்டு மாயிறீர்? எங்கடை பிள்ளையளுக்கு ஒரு தமிழ் அகராதி செய்யலாமே?"

அது ஊர்ப்போரை நிறுத்த நோர்வே நடுவராக நின்ற சமாதானப் பேச்சுக்காலம். "நோர்வே எங்களுக்கு நடுவிலை நிக்கலாம், இவர் மட்டும் அவைக்கு நடுவிலை நிக்கக் கூடாதோ அண்ணை?" என்று நான் மடக்கிவிடுவேன். ஆனால் அந்தக் கேள்வி எனக்குள்ளும் முள்ளாகக் கிடந்தது. இரட்டை வேலைநேரம் செய்து, என் சகோதரிகள் பெற்ற பெறாமக்களின் கலியாணங்களுக்கும் போகாமல் நான் கொடுத்த வருஷங்கள் யாருக்காக?

இன்னொரு முள்ளும் இருந்தது. ஃபின்மார்க்கில் இருந்தபோது இவருடைய தாய் ஊரில் காலமானா. காலையிலேயே தொழிற்சாலைக்குத் தொலைபேசி வந்துவிட்டது. இவரோ மாலைவரை மீன் வெட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "அம்மா போட்டா" என்றார். நான் அழுதேன், இவர் அழவில்லை. பெற்ற தாயின் செய்தியைக் கேட்டுவிட்டு முழுநாளும் கத்தி பிடித்த கைக்குள் என்ன நெஞ்சு இருக்கும் என்று நினைத்தேன். கேட்கவில்லை. ஆனால் மறக்கவும் இல்லை.

இங்கே டொக்டர் பட்டத்துக்கு ஊரறியப் பரீட்சை. அதற்கு டிஸ்புதாஸ் என்று பெயர். எதிர்வாதிகள் இருவர் சபைக்கு முன்னால் கேள்வி கேட்க, பட்டம் பெறப்போகிறவர் நின்று மறுமொழி சொல்லவேண்டும். மகள் பெரியபிள்ளையானபோது சாமத்தியவீட்டுக்குச் சொன்னதுபோல நான் எல்லோருக்கும் சொல்லியிருந்தேன். மண்டபத்தில் நோர்வேக்காரர் ஒரு கைப்பிடி, மற்றதெல்லாம் எங்கள் பட்டுச்சேலைகள். கறுப்பு அங்கியோடு பரீட்சைத் தலைவர் எழும்பி, "சபையில் இருந்து யாராவது எதிர்வாதம் செய்ய விரும்பினால் இடைவேளையில் என்னிடம் சொல்லலாம்" என்று அறிவித்தார். பேர்கனில் இருந்து வந்த பேராசிரியை முதல் எதிர்வாதி. அவ இவரைப் பிழிந்து எடுத்தா.

இடைவேளை வந்தது. எல்லோரும் கோப்பி குடித்தார்கள். தலைவர் தனியே நின்றார், ஒருவரும் அவரிடம் போகவில்லை. இத்தனை வருஷம் உழைத்த மனிசனுக்காகச் சபையில் ஒரு வாய் திறக்கவில்லையே!

"சிவம் அண்ணை, நீங்களாவது போங்கோ."

ஒலிவாங்கி கிடைத்தால் விடாத அந்த மனிதர் பூனைக்குட்டியாகிவிட்டார். "எனக்கு உந்தளவு நோர்ஸ்க் எங்கை தங்கச்சி? நீர் போம்."

போனேன். தலைவர் என் சேலையையும் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார்.

"நீங்கள் எதிர்வாதம் செய்யப்போகிறீர்களா?"

"ஆம்."

"ஆய்வாளரை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மனைவி."

பேனையை எடுத்தார். "அதைத் தடுக்கும் விதி எதுவும் எனக்குத் தெரியாது" என்று என் பெயரை எழுதிக்கொண்டார். வாழ்த்தை மாலை விருந்தில் சொல்லலாம், இங்கே ஆட்சேபமோ கேள்வியோ மட்டும்தான் என்றும் சொல்லிவிட்டார்.

மகள் ஆரணி ஓடிவந்தாள். இங்கேயே பிறந்து வளர்ந்தவள். "அம்மா! அது சும்மா சடங்குக்குக் கேக்கிற ஃபொர்மலிதேத்! ஒருத்தரும் போறேல்லை! அப்பாவை எதிர்க்கிற ஆக்களுக்குத்தான் அது!"

வேலியில் போன ஓணானைப் பிடித்து மடிக்குள் விட்ட கதை. இரண்டாவது எதிர்வாதி கேட்டதில் ஒரு சொல்லும் என் காதில் ஏறவில்லை. என்னால் பட்டம் போய்விட்டால்? மனதில் பாடமாக்கி வைத்திருந்த வாழ்த்துரையும் போய், முள் மட்டும் மிஞ்சியது. என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

கலியாணம் கட்டிய நாள்முதல் இவரை "இஞ்சாருங்கோ" என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். நோர்ஸ்க்கில் எல்லோரும் எல்லோருக்கும் ‘நீ’தான். சபைக்கு முன்னால், முதல்தடவையாக, என் கணவரை நீ என்றேன்.

"நீ இவ்வளவு வருஷமும் உன்னுடையது அல்லாத இரண்டு மொழிகளுக்குக் கொடுத்தாய். இந்த அகராதி யாருக்கு? ஏன் உன் மொழியில் செய்யவில்லை?"

பின்வரிசையில் சிவம் அண்ணை இருமினார். இவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஒரு மீன் தொழிற்சாலையில் எனக்குத் தொலைபேசி வந்தது" என்று மெதுவாக நோர்ஸ்க்கில் தொடங்கினார். "என் தாய் இறந்துவிட்டா. அங்கே அப்போது வேறு தமிழர் இல்லை. மேலாளர் ‘ஆல்ட் ப்ரா?’ என்று கேட்டார். எல்லாம் நலமா என்று. எனக்கு அப்போது ‘யா’, ஆம் என்ற சொல், மட்டும்தான் தெரியும். யா என்றேன். போய் மீன் வெட்டினேன். ஆங்கிலத்தில் இரண்டு சொல் சொல்லியிருக்கலாம். என் தாயை இரண்டு சொல்லில் முடிக்க எனக்கு மனம் வரவில்லை. ரஷ்யனில் என்னிடம் எல்லாச் சொல்லும் இருந்தது. அவரிடம் நோர்ஸ்க் இருந்தது. நடுவில் ஒரு புத்தகம் இருந்திருந்தால் அன்று காலையே வீட்டுக்குப் போயிருப்பேன். அப்படி நிற்கிறவனுக்குத்தான் இந்த அகராதி."

பிறகு என்னைப் பார்த்தார். "தமிழில் சொல்ல எனக்கு வீட்டில் ஆள் இருந்தது. மாலைவரை காத்திருக்கத்தான் வேண்டியிருந்தது."

கல்நெஞ்சன் என்று நான் நினைத்திருந்த மனிசன் அன்று முழுநாளும் அந்தச் சொல்லை எனக்காகப் பொத்திக்கொண்டு நின்றிருக்கிறார். சேலைத்தலைப்பு நனைந்துவிட்டது. தலைவர் எழும்பி, சபையில் இருந்து எதிர்வாதம் செய்பவரை விருந்துக்கு அழைப்பது இங்கே மரபு என்று அறிவித்தார். எங்கள் சனம் கொல்லென்று சிரித்தது. அந்த விருந்தைச் சமைத்தவளே நான்தான்.

பட்டம் போகவில்லை. மாலையில் பியோர்ண்டாலில் வாடகைக்கு எடுத்த மண்டபத்தில் பேர்கன் பேராசிரியைக்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு கதிரை, என் பெயர் எழுதிய அட்டையோடு. நான் குசினியில் வடை சுட்டுக்கொண்டிருந்தேன். புது டொக்டர் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக வந்து நின்றார்.

"இஞ்சாரும், உம்மை அங்கை எல்லாரும் தேடுகினம்."

"இஞ்சாருங்கோ, அண்டைக்கு ஏன் இதை எனக்குச் சொல்லேல்லை?"

"நீர் கேக்கேல்லையே."

பதினைந்து வருஷம் ஒரே வீட்டில், ஒரே மொழியில். கேட்பதற்கு எனக்கு நோர்வேக்காரருடைய சபையும் அவர்களுடைய மொழியும் வேண்டியிருந்தது. இவர் என் கையில் இருந்த கரண்டியை வாங்கிக்கொண்டு, "போம், போய் இரும்" என்றார்.

கதிரையின் நுனியில் போய் இருந்தேன். சேலைக்கு மேல் கட்டியிருந்த சமையல் துணியை அவிழ்க்க மறந்துவிட்டேன். தலைவர் கண்ணாடிக் குவளையைக் கரண்டியால் தட்டி ஒலியெழுப்பிவிட்டு எழும்பி, "எங்கள் மூன்றாவது எதிர்வாதி" என்று என்னைப்பற்றிப் பேசத் தொடங்கினார். ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. எல்லோரும் என்னைப் பார்த்துக் குவளையை உயர்த்தினார்கள், நானும் உயர்த்தினேன். குசினியில் எண்ணெய் பொரிகிற சத்தம் மாறிவிட்டிருந்தது. இவர் வடையைத் திருப்பிப்போட மறந்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது.