ரேகாவின் அஞ்சலை யார் திறப்பது?

உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு வந்த மின்னஞ்சலை அவளைக் கேட்காமல் திறந்திருக்கிறீர்களா? உண்மையைச் சொல்லுங்கள். "குடும்பத்தில் என்ன ரகசியம்?" என்று தொடங்குகிறவர்கள், ரேகாவின் கதையைக் கேட்டுவிட்டுப் பேசலாம்.

ரேகா திருப்பாதிரிப்புலியூர்க்காரி. சிதம்பரத்தில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, ஒரு தனியார் பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்தாள். 2007இல் பெங்களூர் நிறுவனம் ஒன்றுக்கு விண்ணப்பித்தாள். பதிலே இல்லை. போன் செய்து கேட்டபோது அங்கிருந்த பெண் சொன்னாள்: "விருப்பமில்லைன்னு நீங்கதானே மெயில் போட்டீங்க?"

ரேகா போடவில்லை. போட்டவன் அண்ணன் அருள்முருகன். நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்த சேதியை அவனுக்குச் சொல்லி, அவள் அஞ்சல் பெட்டியையும் திறந்துவிட்டவர் பிரவுசிங் சென்டர் சபாபதி. தெருவில் பாதிப் பேருக்கு மின்னஞ்சல் முகவரி தொடங்கிக் கொடுத்தவர் அவர்தான். மறந்துவிடக் கூடாதென்று எல்லோருக்கும் தம் கடை போன் நம்பரையே கடவுச்சொல்லாக வைத்துவிடுவார். யாரும் அதை மாற்றியதில்லை. ரேகாவும் மாற்றவில்லை.

தன் கடவுச்சொல் தெரிந்த வேறு ஆள் சபாபதிதான் என்பதால், நேரே சென்டருக்குப் போனாள்.

"ஏன் மாமா, என் மெயில நீங்க எதுக்குத் தொறந்தீங்க?"

"பொம்பளப் புள்ள வெளியூர் போறன்னா அண்ணங்காரனுக்குத் தெரிய வேணாமா?"

"அண்ணங்காரனுக்கு வர்ற மெயில இப்புடித்தான் தங்கச்சிகிட்ட சொல்லுவீங்களா?"

அங்கிருந்த இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். சபாபதி மின்விசிறியைப் பார்த்தார்.

அங்கேயே கடவுச்சொல்லை மாற்றினாள். நடந்ததை நிறுவனத்துக்கு எழுதினாள். நேர்முகத் தேர்வுக்குப் புதிய தேதியை மின்னஞ்சலில் அனுப்புவதாகச் சொன்னார்கள். இந்த முறை அது அவள் கைக்கு மட்டுமே வர வேண்டும்.

தன் சம்பளத்தில் வாங்கிய பழைய கணினியைக் கூடத்தில் வைத்திருந்தாள். அதில் அண்ணனும் உட்காருவான். மின்சாரமும் இணைப்பும் சேர்ந்திருப்பது அபூர்வம். ஆகவே அஞ்சலை இறக்கிக் கணினியிலேயே வைத்துக்கொள்ளும் தனி மென்பொருளைத் தேடினாள். ஒன்று, யார் உட்கார்ந்தாலும் எல்லாவற்றையும் விரித்துக் காட்டியது. இன்னொன்றில் தமிழ் வெறும் கட்டங்களாக வந்தது. அடுத்தது திறக்கும்போதே கடவுச்சொல் கேட்டது. இணைப்பு இல்லாதபோது எழுதி வைத்ததை, இணைப்பு வந்ததும் அனுப்பியது. அதை வைத்துக்கொண்டாள்.

அருள்முருகன் வந்து தட்டிப் பார்த்தான். திறக்கவில்லை.

"பாஸ்வேர்டு சொல்லு."

"மொதல்ல ஒன்னோடத சொல்லு."

"நான் ஆம்பள. எனக்கு ஆயிரம் இருக்கும்."

"எனக்கு ஒன்னுதான் இருக்கு, என் வேலை. ஏந்திரி, நான் மெயில் பாக்கணும்."

தேதி வந்திருந்தது. அவன் பக்கத்தில் நிற்கும்போதே "வருகிறேன்" என்று தட்டி அனுப்பினாள். போனாள். வேலையும் கிடைத்தது.

பெண்ணைப் படிக்க வைத்தோம் என்று பெருமை பேசுகிறோம். அவள் பெயருக்கு வருவதை நாம் படித்துவிட்டுக் கொடுக்கிறோம். இதைப் பாசம் என்று என்னிடம் சொல்லாதீர்கள். உங்கள் தங்கையின், மனைவியின், மகளின் கடவுச்சொல் உங்களிடம் இருக்கிறதா? இன்றே நாற்காலியை விட்டு எழுந்திருங்கள். அவளை உட்காரவைத்து மாற்றச் சொல்லுங்கள். அவள் தட்டும்போது வேறு பக்கம் பாருங்கள்.