எலுமிச்சைக்குப் பட்ட கண்

அறுபதுகளின் கடைசியில் ஓசூரில் நாங்கள் வாடகைக்கு இருந்த பின்கட்டில் சமையலறைக்கு ஒரே ஒரு சன்னல். அதற்கு வெளியே, வீட்டுக்கார அம்மாவின் எலுமிச்சை மரம். கல்யாணமாகி சிங்காரப்பேட்டையிலிருந்து வந்த புதிதில் எனக்குத் துணை அந்த மரம்தான். என் கணவர் காலையில் லாரி புக்கிங் ஆபீசுக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். தெருவில் பாதிப் பேர் தெலுங்கு, மீதிப் பேர் கன்னடம்; எனக்கு இரண்டும் வராது. உலை கொதிக்கும்வரை மரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அதுதான் வினையாகப் போயிற்று.

மரம் காய ஆரம்பித்தது. இலை நுனி கருகி, ஓரமெல்லாம் தீய்ந்து, பிஞ்சுகள் கொத்தாக உதிர்ந்தன. வீட்டுக்கார அம்மா கெட்டவர் இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவர். ஆனால் திருஷ்டி என்றால் அவருக்கு உயிர் போகும். ஒரு நாள் சன்னலோரம் வந்து நின்றார்.

"ஏம்மா, கோவிச்சுக்காத. நாள் பூரா இதையே பாத்துக்கினு நிக்கற. சில பேரு கண்ணு அப்படி."

மறுநாள் சன்னலுக்கு வெளியே கோணிச் சாக்கை விரித்து ஆணி அடித்துவிட்டார். கிணற்றடிக்குப் போகும்போது தலையைக் குனிந்துகொண்டு போக வேண்டும் என்றும் உத்தரவு.

விறகடுப்புப் புகை போக வேறு வழி கிடையாது. பகலிலேயே சிமினி விளக்கு வைத்துக்கொண்டு, கண்ணைக் கசக்கியபடி சோறு வடித்தேன். பாயில் படுத்தாலும் புடவையில் புகை நாறியது. கணவரிடம் சொன்னால், "இந்த வேலையே அந்தம்மா ஊட்டுக்காரரு சொல்லிக் கெடச்சது. ஒரு சாக்குக்காகச் சண்ட போட்டா வேலையும் போவும், ஊடும் போவும். கொஞ்ச நாள் பொறுத்துக்க" என்றார். அவருக்கென்ன, அவர் காற்று வாங்குவது பெங்களூர் ரோட்டில்.

மரத்துக்கு என்ன கேடு என்று கண்டுபிடித்துவிட்டால் சன்னல் திறக்கும். அந்த ஒரே நினைப்பில்தான் நாட்களைத் தள்ளினேன். கிணற்றுக்குப் போகும்போது உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி இடுப்பில் செருகிக்கொண்டு வருவேன். குனிந்த தலைக்கு அதுதான் வசதி. விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். புழு கடித்த ஓட்டை இல்லை. தண்டிலிருந்து மரத்தூள் கொட்டவில்லை. சோப்புத் தண்ணீரோ என்றால், துவைக்கிற கல் இருந்தது வேறு பக்கம். இலையின் நடுவே பச்சை. ஓரம் மட்டும் பொரித்த அப்பளம் மாதிரி நொறுங்கியது. எங்கள் அப்பாவின் கீழ்க்காட்டில் ஒரு மூலை உப்புப் பூத்த களர் மண். அங்கே எதை வைத்தாலும் இப்படித்தான் கருகும். ஆனால் இந்தச் செம்மண்ணில் உப்பு எங்கிருந்து வரும்?

ஒரு காலை லாரி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. வீட்டுக்கார அம்மாவின் கணவர் டிரைவர். தொப்பூர் கணவாயில் ஒரு முறை அவர் லாரி கவிழ்ந்து, உயிர் பிழைத்ததே பெரிது. சாக்கில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு கிழிசல் இருந்தது. அதில் கண்ணை வைத்தேன். அந்த அம்மா கணவரை நிறுத்தி, கல்லுப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றினார். மிளகாய் அடுப்புக்குப் போயிற்று. உப்பை நேராகக் கொண்டுவந்து மரத்தடியில் போட்டார். யார் காலும் படக் கூடாது என்று அங்கே வட்டமாகக் கல் அடுக்கி வைத்திருந்தார். அடுத்து லாரிக்குச் சுற்றிய ஒரு படி உப்பு. கடைசியில் இன்னும் ஒரு கை அள்ளி, வாடிப்போன மரத்தையே சுற்றி அதன் காலடியில் கொட்டினார்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அன்று தண்ணீர் இறைக்கப் போனபோது, குடத்தை நழுவவிட்டு எடுப்பதுபோல் குனிந்து, மரத்தடி மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்தேன். கடல் மாதிரி கரித்தது.

கண்டுபிடித்தாயிற்று, எப்படிச் சொல்வது? உப்பை நிறுத்துங்கள் என்றால், உங்கள் கணவரை எக்கேடோ கெடட்டும் என்று விடுங்கள் என்றுதான் அவர் காதில் விழும். அதுவும் கொள்ளிக்கண் என்று பேர் வாங்கியவள் வாயிலிருந்து வந்தால் கேட்கவே வேண்டாம். இரண்டு நாள் யோசித்து, அவருடைய வழியிலேயே போனேன்.

"அக்கா, நான் மரத்தப் பாக்கல. கோழிச் சத்தம் கேட்டுது. மரத்தடியில கெளறுது போல. சுத்திப்போட்ட உப்பு மேல கோழிக்காலு பட்டா பரவாயில்லையா?"

அவர் முகம் வெளுத்துவிட்டது. அதற்குப் பிறகு உப்பை வாளித் தண்ணீரில் கரைத்துத் தெருச் சாக்கடையில் ஊற்றினார். மழையும் பிடித்துக்கொண்டது. அந்த வருடம் மண்ணைக் கழுவி எடுத்ததுபோல் பெய்தது. ஒரு நாள் கிழிசல் வழியாகப் பார்க்கிறேன், கிளை நுனியெல்லாம் இளம்பச்சையில் துளிர். பரீட்சையில் தேறிவிட்ட மாதிரி எனக்குக் கால் தரையில் பாவவில்லை. இன்றைக்குப் பிரிப்பார், நாளைக்குப் பிரிப்பார் என்று காத்திருந்தேன்.

ஒரு நாள் சன்னலில் சுத்தியல் சத்தம் கேட்டது. அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய் நின்றேன். சாக்கு ஒரு பக்கம் விலகியது. வெளிச்சம் சுவரில் விழுந்தது, ஈர மண் வாசனையோடு காற்று வந்தது. நான் சிரித்துக்கொண்டே நிற்கும்போது ஒரு பலகை வந்து அதை மறைத்தது. அதன் மேல் இன்னொரு பலகை. ஆணிகள் ஒவ்வொன்றாக இறங்கின.

பிறகு அவரே உள்ளே வந்து என் கன்னத்தைத் தொட்டார்.

"பாத்தியா, கண்ண மறைச்சதும் எப்படித் துளுத்துடுச்சு! சாக்கு மழையில நைஞ்சு போச்சும்மா, அதான் பலகையே அடிச்சிட்டேன். உன் மேல தப்பில்ல. நீ நல்ல பொண்ணு. கண்ணுதான் அப்படி."

அவ்வளவு கோபம் எனக்கு அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை. உங்கள் உப்புதான் என்று கத்த வாயைத் திறந்தேன். வெளியே லாரி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. "அப்பாடா, வந்துட்டாரு" என்று அவர் கண் கலங்கிப்போய் உப்பு எடுக்க ஓடினார். நான் வாயை மூடிக்கொண்டு, அணைந்துபோன அடுப்பை ஊதினேன்.